பேஸ் ஸ்டேஷன் சம்பந்தம்

ஆடி மாதத்தில் பட்டுப்புடவை வியாபாரிக்கு இரண்டே வேலை. ஒன்று, கடையில் ஈ ஓட்டுவது. இன்னொன்று, பெண்டாட்டி கண்ணில் படாமல் இருப்பது. முதல் வேலையில் நான் கெட்டிக்காரன். இரண்டாவதில் தேறியதே இல்லை. ஆகவே இந்த ஆடியில் ஜவ்வாது மலைக்கு ஜீப்பில் போவது என்று முடிவெடுத்தேன்.

ரோடு இருக்கிற வழியில் அல்ல. ரோடு இல்லாத வழியில். கல், பள்ளம், சேறு, ஓடை. ராத்திரிக்குக் காட்டில் கூடாரம். கூட்டாளிகள் நிலபுலன் உள்ள பவுல்துரை, ரைஸ்மில் பாலு. இருவரிடமும் ஆளுக்கொரு ஜீப் இருந்தது. என்னிடம் ஜீப் இல்லை. ஓட்டவும் தெரியாது. அதனால் என்னைத் தலைவராக்கினார்கள்.

"நான் ஜவ்வாது மலைய பாத்ததே இல்ல. நானும் வரட்டா?" என்றாள் என் மனைவி ஸ்வர்ணலதா.

"அய்யய்யோ, எலும்பு எண்ணிப் பாக்கற வழி அது. உனக்கு வேற பெரிய வேலை வச்சிருக்கேன்."

மலையில் செல்போன் எடுக்காது என்று சென்னைக்குப் போய் மூன்று வாக்கி டாக்கி வாங்கி வந்திருந்தேன். ஜீப்புக்கு ஒன்று. மூன்றாவதை அவள் கையில் வைத்தேன்.

"நீதான் பேஸ் ஸ்டேஷன்."

"அப்டின்னா இன்னா?"

"வீட்ல உக்காந்துகினே எல்லாரையும் கண்ட்ரோல் பண்றது."

"அத இப்பவும் நான்தானே பண்ணிகினு இருக்கேன்?"

"இது பெரிய பொறுப்பு ஸ்வர்ணா. மலைக்குப் போறவன்லாம் வெறும் கையி, காலு. பேஸ் ஸ்டேஷன்தான் மூளை. நிதானம் வேணும், அனுபவம் வேணும். செட்ட வுட்டு நகரவே கூடாது."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு தலையாட்டினாள். எனக்கு ஆடியிலேயே தீபாவளி வந்துவிட்டது.

உங்களிடம் மட்டும் ஒரு விஷயம். கடைக்காரர் விற்கும்போதே சொல்லிவிட்டார், இந்த செட் ஒரு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் எடுக்காது என்று. அதாவது ஆத்துப் பாலம் தாண்டினால் ஸ்வர்ணலதாவின் குரல் கிடையாது. முழுசாக இரண்டு நாள். நினைத்துப் பார்த்தபோது எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

ஒத்திகை நடந்தது. நான் மொட்டை மாடியில். அவள் சமையலறையில்.

"பட்டன அழுத்தினாதான் பேச முடியும். வுட்டாதான் எதிராளி பேசறது கேக்கும். புரிஞ்சுதா?"

நன்றாகவே புரிந்துகொண்டாள். அழுத்திய பட்டனை அவள் விடவே இல்லை. புளி விலையில் ஆரம்பித்து, என் தங்கை கல்யாணத்துக்கு அவளுக்கு நான் எடுத்துக் கொடுத்த சாயம் போன புடவை வரைக்கும் வந்தது. நான் மாடியில் வாயைத் திறந்து திறந்து மூடினேன்.

மறுநாள் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போனவள் மத்தியானம்தான் திரும்பினாள். கூடையில் ஒரே ஒரு கட்டு முருங்கைக்கீரை இருந்தது. ஆட்டோ கிடைக்கவில்லை என்றாள். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் கடைசிக் கூட்டம். பவுல்துரை வந்தான். பின்னாலேயே அவன் மனைவி ஜாய்ஸ் வந்தாள். பாலு வந்தான். பின்னாலேயே அவன் மனைவி கமலம்.

"லேடீஸும் வராங்க, சம்பந்தம் அண்ணே," என்றான் பவுல்துரை, தரையைப் பார்த்துக்கொண்டு.

"கூடாரம், பாத்திரம், ஸ்டெப்னி எல்லாம் ஏத்திட்டா ரெண்டு வண்டியிலயும் சேர்த்து அஞ்சு பேருக்குத்தான் எடம்," என்றான் பாலு, அதே தரையைப் பார்த்துக்கொண்டு.

"சரியா போச்சு. பேஸ் ஸ்டேஷனுக்கு ஒரு ஆளு வீட்ல இருந்துதானே ஆவணும்?" என்று ஸ்வர்ணலதாவைப் பார்த்தேன்.

"ஆமாங்க. நிதானம் வேணும், அனுபவம் வேணும்னு நீங்கதானே சொன்னீங்க? எனக்கு இன்னா தெரியும்? வெறும் கையி, காலு. மூளை வேலைய நீங்க பாருங்க."

"நீங்க செட்டுல இருந்தாதாண்ணே எங்களுக்கு தைரியம்," என்றாள் ஜாய்ஸ்.

"நான் தலைவராச்சேம்மா!"

"தலைவருதாண்ணே ஹெட் ஆபீஸ்ல இருக்கணும்," என்றாள் கமலம்.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. செட் ஆத்துப் பாலம் வரைக்கும்தான் எடுக்கும், பேஸ் ஸ்டேஷனே வீண் என்று உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால், தெரிந்தும் ஏன் மறைத்தீர்கள் என்று ஸ்வர்ணலதா கேட்பாள். கடையில் இருக்கிற அத்தனை புடவையையும் கொடுத்தாலும் அந்தக் கேள்வி தீராது. நான் தலையாட்டினேன்.

சனிக்கிழமை விடிந்ததும் ஜீப்கள் கிளம்பின. முன் சீட்டில் ஸ்வர்ணலதா. தலையில் நான் எனக்காக வாங்கிய தொப்பி. நான் செட்டின் முன்னால் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அது கரகரத்தது.

"ஏங்க, கேக்குதா?"

"கேக்குது."

"பாலத்துகிட்ட வந்துட்டோம். இத்தோட கேக்காது. அன்னிக்கு மார்க்கெட்டுன்னு சொல்லிட்டு, ஜாய்ஸ்கிட்ட ஒரு செட்ட குடுத்துட்டு, நானும் கமலமும் இன்னொன்ன கூடையில வச்சுகினு பாலம் தாண்டிப் போயி பாத்துட்டோம்."

நான் பட்டனை அழுத்தினேன். அவள் தன் பட்டனை விடவில்லை.

"அதான் ஜல்தி சொல்லிடறேன். அடுப்புல பால வச்சது வச்சபடி வந்துட்டேன். செட்ட வுட்டு நகரவே கூடாதுன்னு சொன்னீங்களே, இன்னா பண்ணுவீங்களோ, பாவம்."

கர்ர்ர் என்றது. பிறகு ஒன்றுமே இல்லை. சமையலறையிலிருந்து தீய்ந்த வாசனை வந்தது.

பேஸ் ஸ்டேஷன் எழுந்து, கரித்துணியை எடுத்துக்கொண்டு, அடுப்பைத் துடைக்கப் போனது.