வெள்ளிக்கிழமைக்கு முன் ஒரு துளை

கடிதம் சிங்களத்தில் இருந்தது. கிருபாகரன் அதை மூன்று தரம் வாசித்தான். மூன்று விஷயம் விளங்கியது: படகு, வெள்ளிக்கிழமை, அதிகாரிகள் வருவார்கள்.

“என்னவாம்?” என்று மனைவி உஷாந்தி கேட்டாள்.

“வேறென்ன, டெங்குதான். படகில தண்ணி நிக்குதாம். தண்ணி தேங்கினால் வழக்குப் போடுவாங்கள்.”

போன வெள்ளத்தில் வெள்ளவத்தைக் கால்வாயில் மிதந்து வந்த சிறிய அலுமினியப் படகு அது. தொடர்மாடிக்காரர் இழுத்து வந்து கார் நிறுத்தும் இடத்தில் போட்டார்கள். பொலிசுக்கு அறிவித்தும் யாரும் தேடி வரவில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்பதால் பொறுப்பு கிருபாகரன் தலையில் விழுந்தது. இப்போது அதற்குள் கணுக்கால் அளவு மழைத் தண்ணீர்.

“ஆரிட்டயாவது குடுத்து வாசிச்சுக் கேளுங்கோவன்.”

“எனக்கு வாசிக்கத் தெரியாதெண்டு ஊருக்குச் சொல்லச் சொல்லுறியோ?”

சொல்ல முடியாதுதான். சிங்களப் பரீட்சையில் அவன் சித்தியடைந்ததாக அவன் வேலை செய்யும் கந்தோர்க் கோப்பில் இருந்தது. விடைகளைப் பாடமாக்கிப் பெற்ற சித்தி. அடுத்த மாதம் பதவி உயர்வுக்கு நேர்முகப் பரீட்சை. டெங்கு வழக்கு ஒன்று விழுந்தால் எல்லாம் போச்சு.

தண்ணீரை அள்ளி ஊற்றினான். பின்னேரம் மழை திரும்ப நிரப்பியது. படகைக் கவிழ்க்கப் பார்த்தான். சங்கத் தலைவர் நாகேந்திரம் விடவில்லை.

“கவிட்டால் சவப்பெட்டி மாதிரிக் கிடக்கும் தம்பி. மூண்டாம் மாடியில கலியாணம்.”

காலி வீதியில் ராசிக்கின் இரும்புக் கடைக்குப் போனான். ராசிக் ஒரு பித்தளைக் குழாயை எடுத்து வைத்தார்.

“படகுக்குப் பின்பக்கம், அடியில ஓட்ட போட்டு இதச் செருகுங்க சேர். வாயத் தட்டி விரிச்சா இறுகிரும். இதுக்கு மூடியும் இரிக்கி.”

“கஷ்டமோ நானா?”

“புள்ளக்கிக் காது குத்துற மாதிரி. ரெண்டு நிமிசம், ஒரு அழுக.”

வியாழன் காலை கிருபாகரன் துளைத்தான். துளை நாலு விரல் மேலே விழுந்துவிட்டது. தண்ணீர் கீழேயே நின்றது.

பல்கனியிலிருந்து நாகேந்திரம் கூப்பிட்டார். “தம்பி, தண்ணிக்கு ஏறத் தெரியாது!”

இரண்டாவது துளையைக் கீழே போட்டான். கை வழுக்கியதில் அது பெருத்துவிட்டது. செருகிய குழாய் மறுபக்கத்தால் விழுந்து ஒரு காருக்கடியில் உருண்டது. படுத்துக் கிடந்து எடுத்தான். துணி சுற்றி, சிலிக்கன் பூசி, சுத்தியலால் வாயைத் தட்டினான். நாலாவது அடியில் குழாய் பிளந்தது. ஐந்தாவதில் தகடும் கிழிந்தது.

தண்ணீர் அசையவில்லை. தரை முன்பக்கம் சரிந்திருந்தது.

“முன்பக்கத்தைத் தூக்கிக் கல்லு வையுங்கோ” என்றாள் உஷாந்தி.

நாகேந்திரமும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். ஆறு கல் வைத்தார்கள். தண்ணீர் பின்னால் ஓடியது. படகும் பின்னால் ஓடியது. மதிலில் மோதி நின்றபோது இரண்டு துளையும் ஒன்றாகியிருந்தன. அதற்குள் ஒரு தேங்காய் போகும்.

தண்ணீர் முழுவதும் ஒரே மூச்சில் வெளியேறியது.

“பாத்தியா? ஒரு சொட்டு இல்லை!”

உஷாந்தி படகுக்குள் குனிந்து துளையால் பார்த்தாள். “ஓம். உங்கட செருப்பு வடிவாத் தெரியுது.”

அன்றிரவு கிருபாகரன் நிம்மதியாக நித்திரை கொண்டான்.

வெள்ளி பத்து மணிக்கு அரசாங்க ஜீப் வந்தது. இரண்டு அதிகாரிகள் இறங்கினார்கள். பின்னால் கமராவோடு ஒருவர். கடைசியாக மெல்ரோய் என்ற சாரதி, கையில் பூமாலையோடு. டெங்குவுக்கு மாலை எதற்கு என்று கிருபாகரன் யோசிக்கவில்லை. முன்னால் ஓடினான்.

“வத்துர நே சேர்! தண்ணி இல்லை! நீங்களே வந்து பாருங்கோ!”

பார்த்தார்கள். ஒரு அதிகாரி துளைக்குள் கையை விட்டார். முழங்கை வரை போனது. மெதுவாக வெளியே எடுத்தார். கமராக்காரர் கமராவை மூடினார்.

மெல்ரோய் தமிழ் புழங்கும் கொட்டாஞ்சேனைக்காரன். அவன்தான் தமிழில் தயங்கித் தயங்கிக் கேட்டான்:

“எங்கட வெள்ள மீட்புப் படகைப் பத்திரமா வச்சிருந்ததுக்கு இண்டைக்குப் பாராட்டு எண்டு கடிதம் போட்டமே சேர், இந்த மாலையை இப்ப உங்களுக்குப் போடுறதா, படகுக்குப் போடுறதா?”