நாய்க்கு நான் பார்த்த வாத்தியார்

இனி இந்த வீட்டுக்குள் எது வந்தாலும் நான் பார்த்து, தட்டி, விலை பேசித்தான் வரும் என்று சபதம் செய்திருந்தேன். இருபத்தெட்டு வருஷம் பழைய இரும்பு வாங்கி விற்றவன். துருவைப் பார்த்தே எடை சொல்வேன். அப்படிப்பட்டவனைக் கேட்காமல் என் மகள் ஒருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. மனைவி போட்டோவை நீட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இந்த வீட்டுப் பொருள் ஒன்றும் வெளியே போகக் கூடாது என்று மகள் வளர்த்த நாயையும் பிடித்து வைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதமாக வீட்டில் குழாய் சொட்டுவதுதான் சத்தம். நாய் அவள் பழைய செருப்பில் மூக்கை வைத்து வாசற்கதவோரம் கிடந்தது. விலா எலும்பை எண்ணலாம்.

“சாப்பிட மாட்டேங்குதுங்க,” என்றாள் மனைவி. “ இப்படியே விட்டா தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நாய் பழக்குறவங்களை வரச் சொல்லவா?”

“சொல்லு. ஆனா ஆளை நான்தான் முடிவு பண்ணுவேன்!”

“உங்களைக் கேக்காம இங்க எது நடக்குது?” என்றாள். குத்தலா, மரியாதையா, பிடிபடவில்லை.

முதல் ஆள் விசில் ஊதினான். நாய் அசையவில்லை, எனக்குத்தான் காது அடைத்தது. இரண்டாமவன் பிரம்போடு வந்தான். “ஏம்பா, இது நாயா, சர்க்கஸ் புலியா?” என்று விரட்டினேன்.

மூன்றாவது, கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன். கதவைத் திறந்ததுதான் தாமதம், சுருண்டு கிடந்த நாய் எம்பி அவன் முகமெல்லாம் நக்கியது. அவன் கையாலேயே தட்டு காலி.

“இவர் வேண்டாங்க. சின்னப் பையன், அனுபவம் பத்தாது,” என்றாள் மனைவி.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “உனக்கு ஆளை எடை போடத் தெரியுமாடி? இதுதான் சரக்கு! தம்பி, எவ்வளவு கேக்கறே?”

“உங்க இஷ்டம் சார்.”

அடித்துப் பேசி, தினம் ஒரு டீ என்று முடித்தேன். கடையில் ஒருத்தன் இப்படித் தலையாட்டினால் சந்தேகப்படுவேன். அன்று ஏனோ படவில்லை.

பத்து நாள் வந்தான். நாய் தேறியது. இருட்டிக் கிடந்த வீட்டில் என் பேச்சை முழுசாகக் கேட்டவன் அவன் ஒருத்தன்தான். ‘நல்ல பையன்’ என்று மனைவியிடமே சொல்லித் தொலைத்தேன்.

பதினோராம் நாள் அவன் பின்னால் என் மகள் நின்றாள். மெலிந்திருந்தாள். நாய் அவள் காலைச் சுற்றிச் சுற்றி அழுதது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் நாயை உலாத்தக் கூட்டிப்போன பூங்காவில்தான் பழக்கமாம், மூவருக்கும்.

நான் மனைவி பக்கம் திரும்பிக் கத்த வாயைத் திறந்தேன்.

“என்மேல பாயாதீங்க. நான் வேண்டாம்னுதானே சொன்னேன்? மூணு பேரைப் பார்த்து நீங்களே முடிச்ச மாப்பிள்ளை.”

தினம் ஒரு டீ என்று பேசியவன், எத்தனை நாளைக்கு என்று பேசாமல் விட்டிருந்தேன்.