தவளையை யார் கொல்வது?

தோற்க வேண்டும். தோற்பது தெரியவும் கூடாது.

சுதர்சன் கையிலிருந்த சீட்டுகளை மறுபடியும் புரட்டினான். எதிரே, சைனிக்புரி வீட்டின் சோபாவில், ரிட்டயரான மேஜர் சந்தானம். தாரிணியின் அப்பா. நடுவே டீப்பாய். பக்கத்தில் நடுவராகத் தாரிணி, மடியில் விதிப் புத்தகத்தோடு.

'அப்பாவுக்குத் தோற்றால் ஆகாது. விட்டுக்கொடு. நம் கல்யாணம் உன் கையில்' என்று காலையில்தான் எஸ்.எம்.எஸ். அனுப்பியிருந்தாள். ஹைடெக் சிட்டி ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரனான அவனுக்கு இந்த மாயச் சீட்டாட்டத்தைக் கற்றுக்கொடுத்தவள் அவள். அப்பாவைக் கிளப் ரம்மியிலிருந்து இதற்கு மாற்றியவளும் அவள்தான். மிருகங்களையும் வீரர்களையும் இறக்கி எதிராளியின் கோட்டையை இடிப்பதுதான் ஆட்டம்.

இருப்பதிலேயே மட்டமான சீட்டை எடுத்து வைத்தான். சதுப்புத் தவளை. விலை ஐந்து மந்திரக்கல், பலம் ஒன்று.

"இந்த விலைக்கு இவ்ளோதான் பலமா? தண்டச்சோறு," என்றார் மேஜர்.

"பாக்கப் பாவமா இருந்துது சார்."

மேஜரிடம் மூன்று முரட்டு வீரர்கள் நின்றார்கள். தவளை நசுங்கப் போகிறது என்று சுதர்சன் நிம்மதியானபோது, அவர் 'சூறைக்காற்று' போட்டார். பலம் இரண்டுக்கு மேல் உள்ள எல்லாரும் காலி. மூன்று வீரர்களும் போனார்கள். தவளை மட்டும் முழித்துக்கொண்டு நின்றது.

"ஹவ், ஆமா, என் ஆளுங்களும் போவாங்கன்னு கவனிக்கலை," என்றார்.

சுதர்சனுக்கு வியர்த்தது. தவளையை ஒழித்தாக வேண்டும். 'எரிமழை'யை எடுத்துத் தன் தவளை மேலேயே வைத்தான். "ஐயோ, கை தவறிடுச்சு. வச்சது வச்சதுதான் சார்."

"இரு தம்பி. அது நடக்கறதுக்கு முன்னாடி..." மேஜர் அவசரமாக ஒரு சீட்டைத் தவளை மேல் போட்டார். 'இரும்புத்தோல்.'

தாரிணி புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. "கடைசியா போட்டது முதல்ல நடக்கும். முதல்ல தவளைக்கு இரும்புத்தோல், அப்புறம்தான் எரிமழை. தவளை சாகாது. பலமும் ஏழாயிடுச்சு."

"சார், அது என் தவளை."

"என்னோடதுன்னு நினைச்சுட்டேன். கண்ணாடி போடலை."

கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது. வயசாகிவிட்டது, பாவம் என்று சுதர்சன் மனம் இளகினான். எப்படியாவது இவரை ஜெயிக்க வைத்துவிட வேண்டும்.

மேஜரின் கோட்டையில் உயிர் ஆறுதான் பாக்கி. தவளை ஒரு தாவு தாவினால் தீர்ந்தது.

"நான் தாக்கலை சார். பாஸ்."

"சும்மா உக்கார்றதெல்லாம் நக்கோ, வேணாம்," என்ற மேஜர், அவர் முறை வந்ததும் 'போர்முரசு' போட்டார். களத்தில் இருப்பவர்கள் எல்லாரும் எதிர்க்கோட்டையைத் தாக்கியே தீர வேண்டும். அவர் பக்கம் ஈ காக்கை இல்லை. "சரிதானே தம்பி?"

"சரி சார்," என்றான் சுதர்சன். பெரியவர்கள் கேட்டால் வாய் தானாகச் சொல்லிவிடும். சொல்லிவிட்டுத்தான் கையிலிருந்த 'ஆழ்துயில்' சீட்டு கண்ணில் பட்டது. பாய்ந்து தவளையைத் தூங்கப் போட்டான்.

"செல்லாது," என்றாள் தாரிணி. "முரசு அடிக்கறதுக்கு முன்னாடி போட்டிருக்கணும். நீ சரின்னுட்ட. சரின்னா குறுக்கிடற உரிமை போச்சு."

"மரியாதைக்குச் சொன்னேன் தாரிணி."

"விதியில மரியாதை கிடையாது."

தவளை தாவியது. கோட்டை இடிந்தது.

மேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சுதர்சனின் கையை அழுத்திக் குலுக்கிவிட்டு உள்ளே போனார். கல்யாணமும் அவர் பின்னாலேயே போவது போலிருந்தது சுதர்சனுக்கு. தாரிணியோ சீட்டுகளை அடுக்கியபடி சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

காபியோடு வந்த அவள் அம்மா கனகவல்லி, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"ஜெயிச்சாச்சு, இன்னும் ஏன் தம்பி உர்ருன்னு இருக்கீங்க? தோத்தா உங்களுக்கு ஆகாதுன்னு தாரிணி சொன்னதால, விட்டுக்கொடுக்கறதுக்கு இவர் பட்ட பாடு எனக்கில்ல தெரியும்."