நூற்றிருபது வாட் ஹேமநாத்

வாட் பார்ப்பவர்கள் என்றொரு இனம் நம்மிடையே பெருகிவருகிறது, கவனித்தீர்களா? யார் வீட்டுக்குப் போனாலும் இவர்கள் கண் முதலில் போவது சுவரில் தொங்கும் சார்ஜர் மேல்தான். அதைப் பிடுங்கி, வெளிச்சத்தில் திருப்பி, பொடி எழுத்தைப் படித்து, உச்சுக்கொட்டி, "பத்து வாட்டா? இன்னாங்க இது!" என்று துக்கம் விசாரிப்பார்கள். பிறகுதான் காபி.

ஆரணி ஹேமநாத் இந்த இனத்தில் முதல் வரிசை. செய்யாரில் கம்பெனி வேலை. கம்பெனி பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர் புது சார்ஜர் வாங்கும் முடிவோடுதான் இறங்குவார். அவருடையது நூற்றிருபது வாட். பார்க்க அரைச் செங்கல்.

மனைவி எழிலரசி வீடியோ காலில் பட்டுப்புடவை விற்பவர். போன ஞாயிறு, கோயம்புத்தூர் கல்யாண வீட்டார் முகூர்த்தப் புடவை பார்க்கக் கூப்பிடும் நேரம் நெருங்கியபோது, அவருடைய பழைய போனில் சார்ஜ் எட்டு சதவீதம்.

"இந்தச் சின்னதெல்லாம் ஒரு சார்ஜரா? பத்தே நிமிஷம், ஃபுல்லு!" அதைப் பிடுங்கி எங்கோ வீசிவிட்டுத் தன் செங்கலைச் செருகினார் ஹேமநாத்.

ஒன்பது. பத்து. மறுபடியும் பத்து. கேபிளைச் சந்தேகப்பட்டார், மாற்றினார். பிளக் பாயின்ட்டைச் சந்தேகப்பட்டார், சமையலறைக்கு மாற்றினார். கடைசியில் ஊர் கரண்ட்டையே சந்தேகப்பட்டார்.

"சும்மா நோண்டிகினே இருந்தா எப்படிங்க ஏறும்?" என்றார் எழிலரசி.

சார்ஜரை விற்ற கடைக்காரர் தசரதனைத் தன் போனில் கூப்பிட்டார் ஹேமநாத்.

"சார்ஜர் நல்லதுதான் சார். அக்கா போனு பத்து வாட்டுக்கு மேல வாங்காது. போன் கேக்குறதத்தான் சார்ஜர் குடுக்கும். அண்டா நெறைய பிரியாணி வெச்சாலும், துன்றது ஒரு வயிறுதானே?"

ஹேமநாத்துக்குக் காது சுட்டது. அதற்குள் கோயம்புத்தூர் அழைப்பு வந்துவிட்டது. செங்கலோ கனம் தாங்காமல் பிளக்கிலிருந்து நழுவியது. வீசிய சார்ஜரைத் தேட நேரமில்லை. பாய்ந்து பிடித்துக்கொண்டார். விட்டால் வீடியோ கால் போய்விடும்; கல்யாணப் புடவையும் போய்விடும்!

அரக்குப் புடவையை விரித்துக் காட்டிய எழிலரசியிடம் மணப்பெண் கேட்டாள்: "அங்க செவுத்தப் புடிச்சிட்டு நிக்கறது யாருங்க்கா?"

"எங்க வீட்டுக்காரர்மா. ஜல்தி பாத்துடுங்க, பாவம், கை வலிக்கும்."

கை மரத்தது. அவர் கையைக் கீழே இறக்கவில்லை. மூன்று புடவைகள் விற்றன. எழிலரசி சிரித்தபடியே அவர் தோளை நீவிவிட்டார்.

மறுநாள் பஸ்ஸில்? "கல்யாணப் புடவையே என் சார்ஜராலதான் வித்துது!" என்றார்.

சிரிக்கிறீர்கள், சரி. ஆனால் படிக்கும்போதே, "இல்லைங்க, இதுல ஒரு விஷயம் விட்டுட்டீங்க, கேபிளோட ஆம்பியர்..." என்று என்னைத் திருத்த உங்கள் நாக்கு துறுதுறுக்கவில்லையா? வாருங்கள், ஹேமநாத் பக்கத்தில் ஒரு சீட் காலியாகத்தான் இருக்கிறது.