மூளைக்கு இரண்டு மாத்திரை, மரியாதைக்கு ஆறு காப்பி

முப்பத்து நான்கு ஆண்டுகள் கோவையில் ஒரு கல்லூரியில் வணிகவியல் கற்பித்து, துணை முதல்வராக ஓய்வு பெற்றவன் நான். வருகைப் பதிவேட்டைத் திறக்காமலே அறுபது மாணவர்களையும் பெயர் சொல்லி அழைத்தவன். எங்கள் பங்காளிகளுக்குள் எதிலாவது வாக்குவாதம் வந்தால், "வாத்தியாரக் கேட்டுப்போடலாம்" என்பார்கள். நான் சொன்ன பிறகு அதற்கு மேல் பேச்சிருக்காது. இந்தத் தகுதிகளை முதலிலேயே சொல்லி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இவை அனைத்தையும் இரண்டு மாத்திரைகள் ஒரே நாளில் காலி செய்தன.

மாத்திரைகள் என் மகன் கார்த்தியுடையவை. மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறான். அவன் மேசை மீது எப்போதும் ஒரு கறுப்புக் குப்பி நிற்கும். அதன் மேல் மனித மூளையின் படம், மூளைக்குள் ஒரு மின்னல்.

"இது நூட்ரோபிக்ஸுங்கப்பா. ஞாபகசக்தி, கவனம் எல்லாம் ஏறும். எங்க டீம்ல எல்லாருமே எடுக்கறாங்க."

"எடுத்துமா போன வாரம் உங்க டீமையே கூப்பிட்டு வெச்சுத் திட்டுனாங்க?"

குப்பியைத் திருப்பிப் பார்த்தேன். வல்லாரைப் பொடியும், காப்பிக் கொட்டையிலிருந்து எடுத்த கஃபீனும், வாயில் நுழையாத பெயருள்ள வேறு நான்கும். வல்லாரை எங்கள் வாய்க்கால் ஓரத்தில் யாரும் கேட்பாரின்றி முளைத்துக் கிடப்பது. அதைக் காயவைத்துக் குப்பியில் அடைத்து மின்னல் வரைந்துவிட்டால் படித்த பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். (கல்லூரியில் நான் இலவசமாகக் கொடுத்த அறிவுக்கு ஒரு நாளும் வரிசை நின்றதில்லை.)

இவ்வளவு ஏளனம் செய்தவன் ஏன் விழுங்கினான் என்று கேட்பீர்கள். என் தம்பி பொன்னுசாமியின் மகனுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. ஒலிபெருக்கியைப் பிடித்து, "என் தம்பி மகன், சிரஞ்சீவி..." என்று தொடங்கினேன். பெயர் வரவில்லை. பிறந்தபோது நானே தேர்ந்தெடுத்த பெயர். "சிரஞ்சீவி..." என்று மூன்று முறை சொல்லி நின்றேன். கடைசியில் மாப்பிள்ளையே எழுந்து, "பிரவீனுங்க பெரியப்பா" என்றான். மண்டபம் சிரித்தது. அறுபது பெயர் சொன்ன வாய்க்கு அந்தச் சிரிப்பு தாங்கவில்லை.

அடுத்து வந்தது கல்யாணப் பத்திரிகை வைக்கும் வேலை. அதிலும் முக்கியமான வீடு வெள்ளகோவிலில் இருந்தது. எங்கள் பெரியப்பா மகன் நாச்சிமுத்து, ஒரு கிணற்றுத் தகராறுக்குப் பின் பதினோரு ஆண்டுகளாக எங்களுடன் பேசுவதில்லை. ஆனால் எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் செய்யும் இணைச்சீர் இல்லாமல் எதுவும் நகராது. பிரவீனுக்கு அக்காள் தங்கை இல்லை, எனக்கும் பெண் இல்லை. பங்காளி வகையில் அவனுக்குத் தங்கை முறையாக இருப்பவள் நாச்சிமுத்துவின் மகள் ஒருத்திதான். அவன் மனமிரங்கி அவளை அனுப்பினால் சீர். இல்லையென்றால் ஊர் முன்னால் தலைகுனிவு. அந்த வீட்டு வாசலில் நின்றும் நான் அந்தப் பெண்ணின் பெயரை மறந்து தொலைத்தால்?

எனவே, புறப்படும் காலையில், கார்த்தி குளிக்கச் சென்ற நேரத்தில், குப்பியைத் திறந்தேன். 'நாளொன்றுக்கு ஒன்று, அன்று காப்பியைத் தவிர்க்கவும்' என்று அதில் இருந்தது. படித்துத்தான் பார்த்தேன். படிக்காமல் செய்தான் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். ஒன்று என்பது கார்த்தி போன்றோரின் மூளைக்கு. என்னுடையது அதைவிடப் பெரியது. எனவே இரண்டு. இப்படிக் கணக்குப் போட்ட ஆள்தான் ஊருக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தான்.

காப்பியைத் தவிர்ப்பது பற்றி: அந்தக் குப்பியைத் தயாரித்தவன் எங்கள் பக்கம் பத்திரிகை வைக்கப் போனவனல்லன். சூலூரில் ஒரு வீடு, பல்லடத்தில் இரண்டு, காங்கேயத்தில் இரண்டு.

"வேண்டாமுங்க, இப்பத்தான் குடிச்சோம்."

"அதெப்படிங்க? எங்கூட்டுல ஒரு வாய் குடிக்காமப் போவீங்களா? சக்கரை கம்மியாப் போட்டுத் தாறனுங்க."

மறுத்தால் அது காப்பியை மறுத்ததாகாது, வீட்டையே மறுத்ததாகும். காங்கேயம் தாண்டுவதற்குள் ஐந்து டம்ளர். காரை ஓட்டிய பொன்னுசாமி இடையில் நினைவூட்டினான்: "அண்ணா, அங்க போய் கெணத்துப் பேச்சு மட்டும் வேண்டாமுங்க."

"எனக்குத் தெரியாதாடா? நீ ரோட்டப் பாரு. இந்த வண்டி ஏன் இப்படி உருளுது? அந்த வேப்பமரத்துல எத்தன காக்கா தெரியுமா? ஒம்பது."

பின்னால் இருந்த என் மனைவி சரசு, "ஏனுங்க, நீங்க சூலூர்ல இருந்து வாய மூடவே இல்லீங்க" என்றாள். எனக்கோ மூளை கூர்மையடைந்துவிட்டதாகப் பெருமிதம். கூர்மையடைந்தது நாக்கு.

நாச்சிமுத்து வாசலுக்கு வந்து, "வாங்க" என்றான். பதினோரு ஆண்டுகளுக்குப் பின் ஒரு சொல். அடுத்து அவன் மனைவி காப்பி கொண்டு வந்தாள். அந்த வீட்டில் அந்தக் காப்பி பாதிச் சமாதானம், மறுக்க முடியுமா? ஆறாவதையும் குடித்தேன். பிறகு தாம்பாளத்தை எடுத்து நீட்டினேன். என் கை நடுங்கிய நடுக்கத்தில் குங்குமச் சிமிழ் தானாகவே தாம்பாளத்தைச் சுற்றி வந்தது. வெற்றிலை தாளம் போட்டது. நெஞ்சு நெல் குத்துவது போல் இடித்தது.

"நாச்சிமுத்து, நம்ம பிரவீனுக்கு..." என்று தொடங்கினேன். பெயர் வந்துவிட்டது! அந்த மகிழ்ச்சியில் வாய் நிற்கவில்லை. "உன்ர பொண்ணு வந்துதான் சீர் செய்யோணும். கெணத்துல நடந்தத மனசுல வெச்சுக்காத."

பொன்னுசாமி இருமினான். சரசு என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். பயனில்லை.

"பொதுக் கெணறு. ஆளுக்கு நாலு நாள் முறை. காத்தால ஆறு மணிக்கு முறை மாறும். அன்னைக்கு எங்க மஞ்சள் காஞ்சு கிடந்துச்சு. நான் போய் மோட்டாரப் போட்டேன். நீ வந்து பீஸ் கட்டையப் புடுங்கி மோட்டார நிறுத்துனே. நான் உன்னத் தண்ணித் திருடன்னு சொன்னேன். பங்காளிக எல்லாருங் கூடி, மோட்டாரப் போட்டப்ப மணி என்னன்னு எங்கிட்டத்தான் கேட்டாங்க. ஆறாகறதுக்குக் கால் மணி இருந்துச்சு, என்ர கடிகாரம் தப்பாதுன்னு சொன்னேன்."

நாச்சிமுத்து மெதுவாக, "ஆமாங்கண்ணா, சொன்னீங்க" என்றான்.

"கடிகாரம் தப்பல. அது காட்டுனது ஆறே கால். உன்ர முறைதான் அது."

மருந்து ஞாபகத்தைக் கொடுத்தது என்று நினைக்க வேண்டாம். அந்த ஆறே கால் பதினோரு ஆண்டுகளாக ஒரு நிமிடம்கூடப் பிசகாமல் என்னிடமே இருந்தது. மாத்திரை செய்ததெல்லாம் மூடியைக் கழற்றியதுதான்.

"வாத்தியார் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அத்தன பேரும் என்னய மன்னிப்புக் கேக்கச் சொன்னாங்க" என்றான் நாச்சிமுத்து. "எங்கய்யன் சாகற வரைக்கும், போய் மன்னிப்புக் கேளுடான்னே சொல்லிட்டிருந்துச்சு."

நான் முதன்முறையாக வாயை மூடினேன். பிறகு வந்த காரியத்தை முடிக்க எண்ணி, அறைக் கதவோரம் நின்ற அவன் மகளை நோக்கித் திரும்பினேன். "நீ வந்து சீர் செய்யோணும் கண்ணு... கண்ணு..." பெயர் வரவில்லை. எந்தப் பெயருக்காக இரண்டு மாத்திரையை விழுங்கினேனோ, அந்தப் பெயர்.

"கோகிலாங்க பெரியப்பா" என்றாள் அவள். முதலில் சிரித்தவன் நாச்சிமுத்து. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "மகளே, போய் எந்தச் சீலை கட்டறதுன்னு பாரு. உங்க பெரியப்பன் உன்ர பேர ரெண்டாவது தடவை மறக்கறதுக்குள்ள நாம கல்யாணத்துக்குப் போயிரோணும்."

கோகிலா வந்தாள், இணைச்சீர் குறைவின்றி நடந்தது. நான் அன்றிரவும் மறுநாள் முழுவதும் தூங்கவில்லை. கார்த்தி குப்பியிலிருந்த மாத்திரைகளை எண்ணிப் பார்த்துவிட்டு எல்லோரிடமும் சொல்லிவிட்டான். அன்று முதல் எங்கள் பங்காளிகளுக்குள் நான் எதைப் பற்றித் தீர்ப்புச் சொன்னாலும், யாராவது ஒருவர் பணிவாகக் கேட்கிறார்: "ஏனுங்க வாத்தியாரே, இது மாத்திரை போட்டுச் சொல்றதுங்களா, போடாமச் சொல்றதுங்களா?"

கேட்கட்டும். அதை நான் பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் நாச்சிமுத்து கல்யாண மண்டபத்தில் தொடங்கி, பார்த்தவர்களிடமெல்லாம், அன்று நான் அவன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லி வருகிறான். அது தவறு. நான் அவன் காலில் விழவில்லை. கை நடுக்கத்தில் குங்குமச் சிமிழ் கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தேன். மன்னிப்பு, நிமிர்ந்த பிறகு கேட்டது.