பத்து நாள் லேட்

“பத்து நாள் லேட்டா? என் குழந்தையா?”

டைம் கீப்பர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். பஸ் டிப்போவில் பதினெட்டு வருஷமாக அவர் கையெழுத்தில்லாமல் ஒரு வண்டியும் வாசலைத் தாண்டியதில்லை. ஒரு நிமிஷம் தாமதித்த டிரைவரைக்கூட நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறவர். அவருக்கு ஆறு வருஷம் காத்திருந்து வருகிற பிள்ளை, வயிற்றுக்குள்ளேயே லேட்டா?

“லேட்னு நான் சொல்லலையே,” என்றார் டாக்டரம்மா, ஸ்கேன் படத்தைக் காட்டி. “தலையிலேருந்து அடிவரைக்கும் பத்து மில்லிமீட்டர். அப்படின்னா ஏழு வாரம் ஒரு நாள். நீங்க சொன்ன தேதிப்படி எட்டு வாரம் நாலு நாள் ஆகியிருக்கணும். கடைசி மாதவிலக்கு ஆரம்பிச்ச தேதி அதுதானா?”

மனைவி கணவரைப் பார்த்தாள். அவளுக்கும் தேதிக்கும் என்றைக்குமே ஆகாது. “இவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

“சமையலறைக் காலண்டர்ல சிவப்பு மையில வட்டமே போட்டிருக்கு!” என்றார் அவர் கம்பீரமாக.

“இதயத் துடிப்பு நல்லா இருக்கு. பத்து நாள் கழிச்சு மறுபடி பார்ப்போம். பயப்படாதீங்க.”

பயப்படாமல் இருக்க அவர் என்ன கல்லா? அன்றைக்கு டிப்போவில் மூன்று வண்டிகள் லேட்டாகப் போயின. அவர் தலை நிமிரவே இல்லை.

விட்ட நேரத்தை வழியில் பிடிக்கச் சொல்லி டிரைவர்களை விரட்டுகிறவர், வீட்டிலும் அதையே செய்தார். மனைவிக்கு ஒரு நாளைக்கு ஆறு வேளை பால்.

“எனக்குப் பால் வாடையே ஆகலைங்க,” என்றாள் அவள், வாளியைத் தேடியபடி.

பாலை நிறுத்தி சூப் வைக்கச் சொன்னார். அதுவும் வாளிக்கே போனது. மறுபடி பால். நாலே நாளில் அவள் ஒரு கிலோ இளைத்தாள்.

“இப்படி நாள் பூரா அடுப்பு எரிஞ்சா கேஸ் என்னத்துக்கு ஆகும்?” என்று அவர் அம்மா முணுமுணுத்தார்.

“கேஸ் முக்கியமா, பேரப்பிள்ளை முக்கியமா?”

டிப்போவில் யோசனை கேட்டார். “அப்பா மாதிரி கொஞ்சம் குட்டையா இருக்கும் சார்,” என்று ஆறுதல் சொன்னார் ஒரு டிரைவர். ஐந்தடி ஒரு அங்குலமான டைம் கீப்பருக்கு அன்று சோறு இறங்கவில்லை. குற்றம் தன் எலும்பில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

பத்தாம் நாள், சாட்சிக்குக் காலண்டரையே சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

“இருபது மில்லிமீட்டர். எட்டு வாரம் நாலு நாள்,” என்றார் டாக்டரம்மா.

அவர் விரல்விட்டு எண்ணினார். “இப்பவும் அதே பத்து நாள் லேட்! என் உயரத்தாலயா டாக்டர்?”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “நீங்க ஆறடி இருந்தாலும் இப்போ இதே அளவுதான். ஆரம்ப வாரங்கள்ல எல்லாக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளரும். அதனாலதான் நீளத்தை வச்சு நாளைச் சொல்றோம். பத்து நாள்ல பத்து மில்லிமீட்டர்! வண்டி சரியான வேகத்துல ஓடுது சார். நீங்கதான் புறப்பட்ட நேரத்தைத் தப்பா எழுதியிருக்கீங்க. பிரசவத் தேதியைப் பத்து நாள் தள்ளிப் போடுறேன்.”

டைம் கீப்பருக்குக் கண் கலங்கியது. பத்து நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. வெளியே காத்திருந்தவர்களிடம், யாரும் கேட்காமலேயே, “என் பிள்ளை ரைட் டைம்!” என்று அறிவித்தார். அத்தனை பெருமை.

வீட்டு வாசலில்தான் அவருக்கு உறுத்தியது. “அப்போ ஏன் தப்பான தேதியில வட்டம் போட்டே?”

“நானா? நீங்க போட்டதுன்னுல்ல நினைச்சேன்!”

அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா வந்து காலண்டரை அக்குளிலிருந்து உருவினார்.

“இதை எங்கடா தூக்கிட்டுப் போனே? பால் காய்ச்சியே கேஸ் தீர்ந்துபோச்சு! சிலிண்டர் மாட்டின அன்னிக்கு வட்டம் போட்டு வச்சிருந்தேன், எத்தனை நாள் வந்துதுன்னு பார்க்கணும்!”