வாய் திறக்காத தெர்மோஸ்டாட்

என் கார் சூடாகிறது என்று எல்லாரும் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். விவரம் கெட்ட ஜனங்கள். சூடாகிற கார் ஒரு வரம் என்று அவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது?

கடைத்தெரு வரைக்கும் சமர்த்தாக ஓடும். தாண்டினால் சூடு காட்டுகிற முள் எகிறும், பானெட்டுக்கு மேல் ஆவி பறக்கும். என் மச்சினன் வீடு கடைத்தெருவைத் தாண்டி வெகு தூரம். இதைவிடப் பொருத்தமான கார் எனக்கு அமையுமா?

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. தன் கல்யாணத்தில் போட்டோ எடுக்கும்போது, "மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றான். தள்ளினேன். போட்டோவில் என் இடது தோள் மட்டும் விழுந்திருக்கிறது. அவன் வீட்டு வாசற்படியை மிதிப்பதில்லை என்று அன்றே சபதம் செய்தேன். அவன் தலை நரைத்துவிட்டது. என் சபதம் நரைக்கவில்லை.

இப்போது புது வீடு கட்டிவிட்டானாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரணுமாம்.

"கார் சூடாகுமேடி."

"தெர்மோஸ்டாட் போச்சாம். மாத்திட்டா சரியாயிடும்னு மெக்கானிக் சொன்னான்."

"அவன் கிடக்கான். ஸ்க்ரூ டிரைவரால முதுகு சொறியறவன். நானே மாத்துறேன்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாதது எது?"

"அதைச் சொல்ல ஆரம்பிச்சா ஞாயித்துக்கிழமை தாண்டிடும்."

மாற்றுகிறேன் என்றேனே தவிர, மாற்றுகிற உத்தேசமே எனக்கு இல்லை. கழற்றிவிட்டு அதே பழசைத் திரும்ப மாட்டுவதுதான் திட்டம்.

தெர்மோஸ்டாட் என்பது கைக்குள் அடங்குகிற சாமான். இன்ஜின் சூடானால் வாயைத் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடவேண்டும். காரில் இருந்தது வாயைத் திறக்கவே திறக்காது. வீட்டில் இருப்பது மூடவே மூடாது.

சனிக்கிழமை, இன்ஜின் ஆறியதும் தண்ணீரை வடித்துப் பழசைக் கழற்றினேன். அவள் வாங்கி வந்திருந்த புதுசையும் அதையும் பால் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தேன். புதுசு பசித்த குஞ்சு மாதிரி வாயைப் பிளந்தது. பழசு அசையவில்லை. என் தங்கம்!

"ஐயோ, என் பால் பாத்திரம்!" என்று ஓடி வந்தாள். "முதல்ல போய்க் கையைக் கழுவுங்க. கதவெல்லாம் கிரீஸ்."

கழுவிவிட்டு வந்தால், பாத்திரம் தேய்க்கிற பவுடரைப் போட்டு இரண்டையும் பளபளவென்று விளக்கித் தட்டில் வைத்திருந்தாள். ஆறிப்போனதால் இரண்டுமே வாயை மூடிக்கொண்டிருந்தன.

"இதுல பழசு எதுடி?"

"இடது பக்கம் இருக்கறது. புதுசு வலது பக்கம். மாத்திப் போட்டுடாதீங்க."

பாவம், வெகுளி. இடது பக்கத்துச் சாமானை எடுத்து மாட்டினேன். தண்ணீர் ஊற்றினேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் கார் கடைத்தெருவைத் தாண்டியது. முள் நடுவில் நின்றது. ஏறுடா, ஏறு என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவள் பிறந்த வீட்டிலிருந்து வரும் விருந்தாளி மாதிரி அது இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"முள்ளை ஏன் முறைக்கிறீங்க? ரோட்டைப் பாருங்க."

"இல்லடி, நான் மாட்டினது..."

"பழசைத்தான் எடுப்பீங்கன்னு தெரியும். அதான் புதுசைப் பழசுன்னு சொன்னேன்."

மச்சினன் வீடு வந்துவிட்டது. நான் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"நீ போ. நான் உள்ள வரமாட்டேன். சாயங்காலம் வரைக்கும் காரிலேயே உட்கார்ந்திருப்பேன்."

"உங்களை யாரு உள்ள கூப்பிட்டா?" என்று இறங்கினாள்.

மச்சினன் பல்லெல்லாம் தெரிய வந்தான். கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி. தெருவோரத்தில் அவன் கார் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது.

"வாங்க மாமா! என் காரும் இதே மாதிரிதான் கொதிக்குது. தெர்மோஸ்டாட்டை நீங்களே மாத்திடுவீங்கன்னு அக்கா சொன்னா. மெக்கானிக்கை வரவேண்டாம்னு சொல்லிட்டேன்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"கார் தெருவுலதானே நிக்குது. உங்க சபதத்துக்கு ஒண்ணும் ஆகாது."